உடலை நீட்டினால் உயரம் கூடுமோ?

நெடிய உருவின்மீது மக்களுக்குள்ள விருப்பம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் பண்டை மன்னர் பெயர்களை நோக்குக. நெடுஞ்செழியன், நெடுஞ்சேரலாதன், நெடுங்கிள்ளி என மூவேந்தர் குடியிலும் 'நெடு' என்னும் அடை பெருமையோடு ஒட்டி நிற்கின்றது. எனினும், குறுமையைத் தமிழர் இழிவெனக் கருதினர் என்று கொள்ளுதல் பொருந்தாது. தமிழுக்கு முதலிலக்கணம் செய்தவராகக் கூறப்படும் அகத்தியரைக் குறுமுனி என்றே போற்றினர். உலகம் புகழும் நம் அறநூலுக்குக் குறுமையே பெயராயிற்று. விவிலியத்திலும், குள்ளனாயிருந்த சகேயு என்னும் ஆயக்காரர் தலைவன், மக்கட் கூட்டத்தினூடே இயேசு பெருமானைக் காணமாட்டாமல் காட்டத்தி மரத்தின்மேல் ஏறினான் என்று படிக்கின்றோம். சகேயு மரத்தின்மேல் ஏறினான். இக்காலத்து இளைஞரோ மரக்கிளையிலும் இரும்புக் கம்பியிலும் தொங்குகின்றனர்!

ஆம், தொங்கினால் உயரலாம், குனிந்து கால்விரலைத் தொட்டால் உயரலாம், பாம்பைப்போல் மார்பை நிமிர்த்திப் புசங்காசனம் செய்தால் உயரலாம் என்னும் நம்பிக்கை இளைஞரிடையே பெரிதும் பரவியுள்ளது. "மூன்றே திங்களில் மூன்றங்குலம்" என்று விளம்பரங்கள் பறைசாற்றுகின்றன. மாத்திரையும் பொடியும் விற்போர் அவற்றோடு ஒரு பயிற்சி அட்டவணையையுஞ் சேர்த்து அனுப்புகின்றனர். இதனை வெறும் ஒப்பனை ஆசையென்று நகைத்து விடுதற்கில்லை. காவற்றுறையிலும் படையிலுஞ் சேர விரும்புவோர்க்கு உயரவரம்பு ஒன்றுண்டு. ஒரு சென்டிமீட்டர் குறைந்ததனாற் பிழைப்பை இழந்து திரும்பும் ஏழைக் குடும்பத்து இளைஞனுக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் ஒரு வாழ்க்கைக்குச் சமம். மற்றும் பலர், குள்ளர் என்னும் ஏளனத்திற்கு அஞ்சி, தம் குறுமையைத் தம் சோம்பலின் விளைவென்றே எண்ணி உள்ளங் குன்றுகின்றனர். ஆதலின், உடலை நீட்டும் பயிற்சியால் உயரம் கூடுமோ என்னும் வினாவிற்கு உண்மையான விடை காண்டல் இன்றியமையாததாகின்றது. எலும்பு எவ்வாறு நீள்கின்றது, பயிற்சி உடலில் எதனை நீட்டுகின்றது, ஒரு மக்கட்கூட்டத்தின் உயரம் எதனால் மிகுகின்றது என்னும் மூன்றையும் முறையே ஆராய்வாம்.

எலும்பு நீளும் வகை

ஒருவனது உயரம் என்பது காலெலும்புகள், இடுப்பு, முதுகெலும்பு, தலை ஆகியவற்றின் நீளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டதன் தொகையேயாம். இவற்றுள் தொடையெலும்பும் கணைக்காலெலும்பும் நீளத்திற் பெரும்பங்கு உடையன. இவை இரப்பரைப்போல் எங்கணும் ஒரு தன்மையாய் நீளுகின்றனவா, அன்றி ஒரு குறித்த இடத்தில்மட்டும் வளர்கின்றனவா?

இவ்வினாவிற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை கண்டவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். இவர் தெடிங்டன் என்னும் ஊரிற் குருப்பணி செய்துகொண்டே செடிகளின் நீரோட்டத்தையும் விலங்குகளின் குருதியழுத்தத்தையும் அளந்தவர். வளர்ந்துவரும் கோழிக்குஞ்சு ஒன்றின் காலெலும்பில் அரையங்குல இடைவெளியில் இரு சிறு துளைகளை இட்டார். இரண்டு திங்கள் கழித்து ஆராய்ந்தபோது, எலும்பு முழுவதும் ஓரங்குலம் வளர்ந்திருந்தது. ஆயின் துளைகளுக்கிடையே இருந்த தொலைவோ முன்போல் அரையங்குலமேயாயிருந்தது! எலும்பின் நடுத்தண்டு சிறிதும் நீளவில்லை. வளர்ச்சியெல்லாம் நுனிகளிலேயே நிகழ்ந்தது. 1727-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஹேல்ஸ் இதனை எழுதினார். பின்னர் ஜான் ஹன்டர் என்னும் அறுவை மருத்துவர் பன்றியின் காலெலும்பில் ஈயக்குண்டுகளைப் பதித்து இதே உண்மையை உறுதிப்படுத்தினார்.

நுனிகளில் உள்ளது யாதோ எனின், வளர்ச்சித் தட்டு என வழங்கும் மெல்லிய குருத்தெலும்புப் படலமாகும். அதன் ஒருபுறத்தில் உயிரணுக்கள் பெருகி, காசுகளை அடுக்கினாற்போல் வரிசை வரிசையாய் நிற்கும். பின் பருத்து மடியும். மடிந்த இடத்தில் சுண்ணச்சத்து ஏறி எலும்பு அமையும். கொத்தன் ஒருவன் சுவரின்மேல் நாடோறும் ஒரு வரிசைக் கல் வைத்துக்கொண்டே போதல் போன்றது இது. சுவர் உயர்வது கல் வைப்பதனாலன்றிச் சுவரைப் பிடித்து மேலே இழுப்பதனாலன்று.

இக்கொத்தன் வேலைசெய்யும் வேகம் ஆண்டுதோறும் ஒன்றாயிராது. பிரான்சு நாட்டு மோன்பெயார் கோமகன் தம் மகனை 1759 முதல் 1777 வரை இடையறாது அளந்து குறித்து வந்தார். அக்குறிப்பைப் பூஃபோன் என்னும் அறிஞர் தம் நூலில் வெளியிட்டார். ஒரே பிள்ளையைப் பிறப்பு முதல் இளமைமுடிவு வரை தொடர்ந்து அளந்த முதல் ஏடு அஃதென்பர். பிறந்த முதலாண்டில் விரைவு; பின்னர்ப் படிப்படியாய்க் குறைவு; பருவமெய்துங் காலத்தில் மீண்டும் ஒரு பாய்ச்சல்; அதன்பின் ஓய்வு என்னும் ஒழுங்கு அதனாற் புலனாயிற்று. பெண்மக்கட்கு ஏறத்தாழப் 12 அகவையிலும், ஆண்மக்கட்கு ஏறத்தாழப் 14 அகவையிலும் அப்பாய்ச்சல் உச்சத்தை அடையும்.

ஓய்வு ஏன் வருகின்றது? பருவமெய்திய உடலிற் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் வளர்ச்சித் தட்டை முதிர்வித்து முற்றும் எலும்பாக்கி மூடிவிடுகின்றது. பெண்ணுடலுக்கே உரியதெனக் கருதப்பட்ட இச்சுரப்புநீர் ஆணுடலிலும் இவ்வேலையைச் செய்கின்றதென்பது 1994-ஆம் ஆண்டில் ஓர் அரிய நோயாளியால் விளங்கிற்று. ஈஸ்ட்ரோஜனை ஏற்குந் திறம் பிறப்பிலேயே அற்றிருந்த அவ்வாடவருக்கு அகவை 28; உயரம் 204 செ.மீ.; அவருடைய வளர்ச்சித் தட்டுகள் அவ்வகவையிலும் மூடாதிருந்தன; உயரமும் கூடிக்கொண்டேயிருந்தது. மற்றையோர்க்கோ பெரும்பாலும் பெண்பாலாரிடத்து 14 முதல் 16 அகவைக்குள்ளும், ஆண்பாலாரிடத்து 16 முதல் 18 அகவைக்குள்ளும் கால்களின் தட்டுகள் மூடிவிடுகின்றன. சிலர்க்குச் சற்று முன்பின்னாகலாம். முதுகெலும்பு அதன்பின்னும் சிறிது காலம் மிகச் சிறிதளவே வளரும். எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தால், தட்டு திறந்துள்ளதா மூடியதா என்பதை மருத்துவர் கண்டுகொள்வர். மூடியபின் கல் வைக்கக் கொத்தனும் இல்லை, சுண்ணமும் இல்லை. கல்லூரியிற் பயிலும் நம்மிற் பெரும்பாலார் அந்நிலையை அடைந்துவிட்டவரே.

பயிற்சி எதனை நீட்டுகின்றது?

அங்ஙனமாயின், நாள்தோறும் குனிந்தும் வளைந்தும் பயில்பவனது உடல் முன்னினும் நெகிழ்ந்து நீளுவது பொய்யோ எனின், பொய்யன்று. முன்னர் முழங்காலைத் தொட முயன்றவன் ஒரு திங்களிற் கால்விரலைத் தொடுகின்றான். ஈண்டு நெகிழ்ந்தவை தசையும் நாணுமேயன்றி எலும்பல்ல. தசை இழுபடும்போது எழும் நோவைத் தாங்கும் ஆற்றலும் பழக்கத்தால் மிகுகின்றது. வில்லின் நாணைத் தளர்த்தினால் வில் வளைவு நீங்கி நிற்குமேயன்றி, வில்லின் மரம் ஒரு விரலளவும் கூடாது. எலும்பு பயிற்சியால் மாறுவதே இல்லையென்றுங் கூறலாகாது. டென்னிஸ் ஆடுவோர்க்கு மட்டை பிடிக்குங் கையின் எலும்பு மற்றக் கையின் எலும்பினும் தடித்து உரம்பெற்றிருத்தலை அளந்து கண்டுள்ளனர். சுமைக்கு ஏற்ப எலும்பு வலுக்கொள்ளும் என்னும் கொள்கையை ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் நூலாக வெளியிட்டார். ஆகவே பயிற்சி முதிர்ந்த எலும்பிற்குத் தருவது உரம், நீளமன்று.

"வளர்ச்சித் தட்டு மூடுதற்குமுன் பயின்றாலோ?" என்று வினவலாம். கூடைப்பந்து ஆடுவோர் நெடியராய் இருத்தலைச் சான்று காட்டுவாரும் உளர். நெடியவன் பந்தைக் கூடையில் எளிதில் இடுவான். ஆதலின் அவனே அணிக்குத் தெரிந்தெடுக்கப்படுகின்றான். ஆட்டம் அவனை நெட்டையாக்கவில்லை. நெட்டையாயிருந்தமையே அவனை ஆட்டத்துள் ஈர்த்தது. கம்பிமேற் சுழன்றாடும் ஜிம்னாஸ்டிக் வல்லார் பெரும்பாலும் குறியராயிருத்தலும் இவ்வாறே: குறுகிய உடல் காற்றில் விரைந்து சுழலும். தொங்குதல் உயரந் தருமாயின், சிறுபருவந்தொட்டு நாளெல்லாம் கம்பியிலும் வளையத்திலுந் தொங்கும் அவர்களன்றோ உலகில் நெடியர் ஆகியிருத்தல் வேண்டும்!

மேலும், 15 அகவையில் தொங்கத் தொடங்கியவன் ஓராண்டில் 6 செ.மீ. வளர்ந்தான் எனின், தொங்காத அவன் தோழனும் அவ்வாண்டில் அவ்வளவு வளர்ந்திருப்பான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே இது. வளரும் பருவத்தார்க்கு ஓடியாடி விளையாடல் மிக நன்று. பசியும் ஆழ்ந்த உறக்கமும் அதனால் உண்டாகும். ஆழ்ந்த உறக்கத்திலேயே வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாய்ச் சுரக்கின்றது. ஆயினும், நீட்டும் பயிற்சி என்னும் ஒன்று தனியே நின்று மரபு வகுத்த எல்லைக்கு மேல் எலும்பை நீட்டியதாக மெய்ப்பிக்கப்படவில்லை.

காலையில் நெடியர், மாலையிற் குறியர்

இனி, "யான் அளந்து பார்த்தேன், ஒன்றரைச் சென்டிமீட்டர் கூடியது மெய்" என்று சூளுரைப்போர்க்கு என்ன விடை? அவரும் பொய் கூறினார் அல்லர். ஆங்கிலநாட்டு அய்ன்ஹோ என்னும் ஊரின் குருவாகிய வாஸ் பாதிரியார் 1724-இல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் ஒரு வியப்பான செய்தியை எழுதினார். ஒரே மனிதன் காலையில் அளக்கும்போது மாலையிலிருப்பதினும் உயரமாயிருக்கின்றான் என்பதே அது. இன்று எவரும் இதனைத் தம் வீட்டுச் சுவரிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

காரணம் முதுகெலும்பின் அமைப்பிலுள்ளது. முள்ளெலும்புகளுக்கிடையே 23 இடைத்தட்டுகள் உள்ளன. முதுகுத்தூணின் நீளத்தில் ஏறத்தாழக் காற்பங்கு இவற்றாலானது. இவை நீர் செறிந்த மெத்தைகள் போன்றன. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் இருக்கும்போதும் உடற்பாரம் இவற்றை அழுத்த, நீர் சிறிது சிறிதாய்க் கசிந்து தட்டுகள் மெலிகின்றன. இரவிற் படுத்தபின் பாரம் நீங்கலின், நீரை மீண்டும் உறிஞ்சித் தடிக்கின்றன. இதனால் ஒரு நாளில் நூற்றுக்கு ஒரு பங்களவு, அஃதாவது 1 முதல் 2 செ.மீ. வரை, உயரம் குறைந்து கூடுகின்றது. குறைவிற் பாதிக்குமேல், எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே நிகழ்ந்து விடுகின்றது.

விண்வெளியில் இவ்வுண்மை இன்னுந் தெளிவாயிற்று. அங்கே பாரமின்மையால் முதுகுத்தூண் இயல்பினும் நீண்டு, விண்வெளி வீரர் தம் உயரத்தில் நூற்றுக்கு 3 பங்கு வரை கூடுதல் உண்டு. 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜப்பானிய வீரர் நொரிஷிகே கனாய், தாம் 9 செ.மீ. உயர்ந்துவிட்டதாக விண்வெளி நிலையத்திலிருந்து அறிவித்தார். மீண்டும் அளந்தபோது கூடியது 2 செ.மீ. மட்டுமே என்று தெரிந்து அவரே திருத்தம் வெளியிட்டார். அளவுகோல் எத்துணை எளிதில் மக்களை ஏமாற்றும் என்பதற்கு இஃதொரு நல்ல சான்று. அங்ஙனங் கூடிய உயரமும் மண்ணுலகிற்கு மீண்டபின் நில்லாது. உடற்பாரம் பண்டைய அளவிற்கே அதனைக் கொணர்ந்துவிடும்.

கம்பியிற் சிறிது நேரம் தொங்குபவன் பெறுவதும் இத்தகைய வரவே. பாரம் நீங்கிய தட்டுகள் சில மில்லிமீட்டர் தடிக்கலாம். அவன் இறங்கி நடமாடத் தொடங்கியதும் அவை பழைய நிலைக்கே திரும்பும். பயிற்சி தொடங்கிய நாளன்று மாலையில் அளந்து, மூன்று திங்கள் கழித்து ஒருநாட் காலையில் தொங்கியவுடன் அளப்பவனுக்கு ஒன்றரைச் சென்டிமீட்டர் கூடியதாய்த் தோன்றுதல் வியப்பன்று. விளம்பரத்தாருடைய வாணிகம் இவ்விடைவெளியில் நடைபெறுகின்றது.

ஆயினும், பயிற்சியால் வரும் மெய்யான ஊதியம் ஒன்றுண்டு. நூலின்மேற் கவிழ்ந்தும், கையிலுள்ள பேசியின்மேற் குனிந்தும் நாளைக் கழிக்கும் நமக்கு, கழுத்து முன்னே நீண்டும், தோள் வளைந்தும், முதுகு கூனியும் போகின்றன. அக்கூனல் நமக்குரிய உயரத்தின் ஒரு சிறு பகுதியை மறைத்து விடுகின்றது. மார்புத் தசைகளை நெகிழ்த்தி முதுகுத் தசைகளை உரப்படுத்தும் பயிற்சி, மறைந்ததை வெளிக்கொணரும். இது புதிதாய் ஈட்டிய பொருளன்று. அடகிலிருந்து மீட்ட பொருள்.

இழுத்தால் எலும்பு நீளாதோ?

பல்லாண்டு விடாது இழுத்தால் எலும்பு இசையாதோ என்று ஐயுறுவார்க்கு, மியன்மாரிலும் தாய்லாந்திலும் வாழும் கயான் இனத்துப் பெண்டிரைக் காட்டலாம். அவர்கள் சிறுபருவம் முதலே கழுத்திற் பித்தளைச் சுருளை அணிந்து, அகவை கூடக் கூடச் சுருளையும் நீட்டிக்கொள்கின்றனர். கழுத்து மிக நீண்டதாய் நம் கண்ணிற்குத் தோன்றும். எக்ஸ்-கதிர்ப் படங்களோ வேறு கூறின: கழுத்தெலும்புகள் இயல்பான அளவிலேயே உள்ளன, சுருளின் பாரத்தால் காரையெலும்பும் மேல்விலாவுமே கீழ்நோக்கி அழுந்தியுள்ளன. கழுத்து உயரவில்லை, தோள் தாழ்ந்தது.

முதிர்ந்த எலும்பை இழுத்து நீட்டும் வழி உலகில் ஒன்றே ஒன்று உண்டு. அஃது அதனை முதலில் வெட்டுவதாம். இத்தாலிய மருத்துவர் கொடிவில்லா 1905-இல் அதற்கு வழிகாட்டினார். சைபீரியாவிலுள்ள குர்கான் நகரத்தில் 1950-களில் இலிசாரோவ் என்னும் மருத்துவர் அதனைச் செம்மைப்படுத்தினார். எலும்பை வெட்டி, இருபுறமும் கம்பிகளைச் செலுத்தி, வெளியே வளையச் சட்டத்தோடு பிணைத்து, நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் மெல்ல விலக்க, இடைவெளியிற் புதிய எலும்பு உண்டாகும். 5 செ.மீ. பெற 50 நாள் விலக்கல். அதன்பின் அவ்வெலும்பு இறுகப் பல திங்கள். பிறவிக் குறையாலோ விபத்தாலோ ஒருகால் குறுகியவர்க்கு இது பெருங்கொடை. நலமுள்ள உடலை உயரம் பற்றியே வெட்டிக்கொள்வார்க்கோ நோவும், சீழ்பிடித்தலும், நரம்புச் சிதைவும், மூட்டு இறுகலும் ஆகிய இடர்கள் காத்திருக்கின்றன. ஓர் எலும்பு 5 செ.மீ. நீள இத்துணைப் பாடு வேண்டுமாயின், பத்து நிமிடத் தொங்கலால் அது நீளும் என்பது எங்ஙனம் பொருந்தும்?

மருந்தின் கதையும் அத்தகையதே. வளர்ச்சி ஹார்மோன் குறைந்த சிறுவர்க்கு அதனை ஊசிவழிச் செலுத்தினால் உயரம் கூடும் என்று 1958-இல் மாரிஸ் ராபன் என்னும் அமெரிக்க மருத்துவர் காட்டினார். அக்காலத்தில் அஃது இறந்தோர் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. அவ்வழியே கொடிய மூளைநோய் சிலர்க்குப் பரவியமை 1985-இல் தெரியவரவே, அது நிறுத்தப்பட்டு, செயற்கை முறையில் ஆக்கியது அவ்வாண்டே வழக்கிற்கு வந்தது. தட்டு திறந்துள்ள, உண்மையிற் குறைபாடுள்ள சிறுவர்க்கு மருத்துவர் மேற்பார்வையில் அஃது உதவும். தட்டு மூடியபின் அது மிகுந்தாலோ, உயரம் கூடாது. கையும் காலும் தாடையும் தடித்து, நெஞ்சுப்பையும் நலங்கெடும். பெயர் தெரியாப் பொடிகளை வாங்கி உண்பதற்குமுன் இதனை நினைத்தல் நலம்.

மக்கட்கூட்டம் உயர்ந்த வகை

உயரத்தைத் தருவன யாவை? முதலாவது மரபு. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் 205 குடும்பங்களில் வளர்ந்த 928 மக்களின் உயரத்தைப் பெற்றோர் உயரத்தோடு ஒப்பிட்டு 1886-இல் எழுதினார். நெடிய பெற்றோர்க்கு நெடிய மக்களே பிறப்பினும், அவர் சராசரியை நோக்கிச் சிறிது திரும்புவர் என்று கண்டார். 2022-இல் வெளியான ஆராய்ச்சியொன்று ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்ட மக்களின் மரபணுக்களை ஆராய்ந்து, உயரத்தோடு தொடர்புடைய 12,000-க்கு மேற்பட்ட மாறுபாடுகளைக் கண்டது. உயரம் ஒரு விதையின் விளைவன்று. பல்லாயிரம் சிறு விதைகளின் விளைவு.

மரபே முற்றும் என்று அமைதல் கூடுமோ எனின், கூடாது. 2016-இல் 200 நாடுகளை ஒப்பிட்டு அறிஞர் வெளியிட்ட கணக்கைக் காண்க. 1896-இல் பிறந்த தென்கொரியப் பெண்களினும் 1996-இல் பிறந்தோர் சராசரியாய் 20.2 செ.மீ. உயர்ந்திருந்தனர், ஈரானிய ஆடவர் 16.5 செ.மீ. உயர்ந்தனர். நூறாண்டில் ஓரினத்தின் மரபு அத்துணை மாறாது. வடகொரியாவிலிருந்து வெளியேறியோரை அளந்தபோது, அவர்கள் அதே குருதியினராகிய தென்கொரியரினும் குறியராய் இருந்தமை காணப்பட்டது. தென்கொரியப் பெண்மக்கள் கம்பியில் தொங்கி உயர்ந்தவர் அல்லர். வயிறார உண்டனர், தூய நீர் பருகினர், குழவிப்பருவத்து நோய்களினின்று காக்கப்பட்டனர், அவர்தம் தாய்மாரும் நலமாயிருந்தனர். அவ்வளவே.

உயரத்தின் அடித்தளம் கருவிலும் முதல் இரண்டாண்டிலும் இடப்படுகின்றது. பாலும் முட்டையும் பருப்பும் போதாமல், அடிக்கடி வயிற்றுப்போக்கால் வாடும் குழவியின் உடல், உயிரைக் காக்கும்பொருட்டு வளர்ச்சியை ஒடுக்கிக்கொள்கின்றது. அவ்வாறு இழந்ததைப் பின்னர் முழுதும் மீட்டல் அரிது. 2019–21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 பேர் தம் அகவைக்குரிய உயரம் எய்தாதவர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25 பேர். நால்வருள் ஒரு குழந்தை! நம் வீதியில் விளையாடும் அச்சிறாருள் எத்தனையோ பேர் பதினைந்தாண்டு கழித்து ஓர் உயரவரம்பின்முன் நின்று ஒரு சென்டிமீட்டர் குறைந்து திரும்புவர். அவ்விழப்பு அவர் பயிற்சி செய்யாமையால் வந்ததன்று. அவர் பேசக் கற்குமுன்னரே நேர்ந்துவிட்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், நீட்டும் பயிற்சி முதிர்ந்த எலும்பை நீட்டாது. மாலைக்குள் மறையும் சிறு உயரத்தைத் தரும். கூனலால் மறைந்ததை வெளிப்படுத்தும் என்பன போதரும்.

ஆகலின் பயிற்சியைக் கைவிடுக என்று கூறினேன் அல்லேன். நாற்பது அகவைக்குப்பின் மக்கள் பத்தாண்டிற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறுகுகின்றனர். எலும்பு மெலிந்து முள்ளெலும்பு நசுங்குவார் இன்னும் மிகுதியாய்க் குறுகுவர். எலும்பிற்கு உரத்தைத் தேடிவைக்கும் காலம் இளமையே. இன்று ஓடியும் தாவியும் பாரந் தூக்கியும் பயில்பவன், தன் உயரத்தைக் கூட்டாவிடினும், முதுமையில் அதனைக் காத்துக்கொள்வான். அளக்க விரும்புவோர் காலணி களைந்து, குதிகாலும் முதுகும் சுவரிற் பட, கண்கள் நேர்நோக்க நின்று, நாள்தோறும் ஒரே வேளையில் அளக்க. தேர்விற்கு நிற்கும் நண்பர், நெடுநேரம் நின்றும் சுமந்தும் களைத்தபின் அளவிற்குச் செல்லாதிருத்தல் நலம்; சில மில்லிமீட்டரேயாயினும் அது நேர்மையாய்த் தமக்குரியதே. வளரும் பருவத்துத் தம்பியோ தங்கையோ ஒத்த அகவையாரினும் மிகக் குறுகி, ஆண்டிற்கு ஆண்டு வளர்ச்சி தேங்கக் கண்டால், விளம்பரத்தாரை நாடாது மருத்துவரை நாடுக. தட்டு மூடுமுன் செல்லுதலே பயன்தரும்.

குள்ளன் என்று ஒருவனை ஏளனஞ் செய்யுமுன், அவன் உயரம் அவன் முயற்சியின் அளவன்று என்பதை நினைவோமாக. அது முன்னோர் விட்டுச்சென்ற மரபும், குழவிப்பருவத்தில் அவன் வீட்டுச் சோற்றுப்பானை இருந்த நிலையும் சேர்ந்து எழுதிய எழுத்து. அவ்வெழுத்தை நம்மில் அழித்தெழுத இனி இயலாது. ஆயின், இன்னும் எழுதப்படாத ஏடுகள் பல நம் தெருவிலும் சேரியிலும் தவழ்கின்றன. உயரத்தின்மேல் நமக்குள்ள விருப்பம் மெய்யாயின், பொடிக்கும் மாத்திரைக்கும் செலவிடும் பொருள் அக்குழவிகளின் பாலுக்கும் முட்டைக்கும் ஆகுக. நாம் ஓரங்குலமும் உயராவிடினும், நமக்குப் பின்வருவோர் நம் தோளுக்கு மேல் தலையெடுத்து நிற்பர்.